மடியில் கனம் எல்லோருக்கும் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக விற்கும் ஒவ்வொரு கைப்பேசியிலும், தொலைந்த கைப்பேசியை முடக்க உதவும் சஞ்சார் சாத்தி என்ற அரசுச் செயலியை ஏற்றித்தான் தர வேண்டும் என்ற உத்தரவை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 டிசம்பர் தொடக்கத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்படித் திரும்பப் பெற்றதைக் கண்டித்து உங்கள் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். "மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? யோக்கியமானவர்களுக்கு என்ன நடுக்கம்?" என்று கேட்டிருந்தார். இதற்குமேல் யாரும் வாய் திறக்க முடியாது என்ற நினைப்பு அந்தக் கேள்வியில் தெரிந்தது. நான் திறக்கிறேன். அடுத்தவர் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டே சம்பளம் பெற்றவள் நான். இந்த ஒரு விஷயத்தில் அவரைவிட எனக்கு அனுபவம் அதிகம்.

தபாலும் தந்தியும் ஒரே துறையாக இருந்த காலத்தில் டிரங்க் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் 180க்கு அழைத்துப் பதிவு செய்ய வேண்டும். அழைப்பவர் எண், ஊர், கேட்கும் எண், சாதாரணமா அவசரமா மின்னலா, குறிப்பிட்ட ஆளைத்தான் கூப்பிட வேண்டுமா, எல்லாவற்றையும் டிக்கெட்டில் பென்சிலால் எழுதி வரிசையில் வைப்போம். லைன் கிடைத்ததும் சுவிட்ச் போர்டில் இணைப்புக் கம்பியைச் செருகி இரண்டு பக்கத்தையும் இணைத்து, ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் விலக முடியும். மூன்று நிமிடம் முடிகிறபோது மறுபடியும் குறுக்கே நுழைந்து, "நீட்டிக்கவா?" என்று கேட்க வேண்டும். பம்பாய் லைன் இரைச்சலாக இருந்தால், "அவர் வெள்ளிக்கிழமை வருகிறாராம்" என்று நாங்களே எடுத்துச் சொல்லியும் இருக்கிறோம். ஆக, கேட்காமல் அந்த வேலையைப் பார்க்க முடியாது.

கேட்டதெல்லாம் என்ன? தாராவியில் இருக்கும் மகன் இந்த மாதம் பணம் அனுப்ப முடியவில்லை என்பான். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர், "ரிசல்ட் வந்துவிட்டது, அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்" என்று தம்பியிடம் சொல்வார். மொத்த வியாபாரியிடம் ஒருவர் பத்து நாள் தவணை கேட்டுக் கெஞ்சுவார். ஐந்து பவுன் குறைத்துக்கொள்ள முடியுமா என்று பெண் வீட்டார் கேட்பார்கள். திருட்டுச் சரக்கையும் வெடிகுண்டையும் பற்றி யாரும் பேசிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் மடியில் கனம் இல்லாத ஒருவரும் அந்த போர்டில் பேசியதில்லை. யோக்கியமானவர்களுக்குத்தான் மறைக்க வேண்டியது அதிகம் என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு. அவர்களுக்கு மானம் பெரிது.

எங்கள் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர். மகளுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் வரன் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அழைப்பு தற்செயலாக என் போர்டுக்கு வந்தது. பேச்சு நல்லபடியாக முடியவில்லை. அன்று மாலை கடைக்குப் போனேன். எப்போதும், "என்ன தாயி, டூட்டி முடிந்ததா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பவர், அன்று துவரம்பருப்பை நிறுத்துக் கொடுத்தபோது தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒன்றும் தெரியாதவள்போல் சில்லறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதன்பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? எனக்கு எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று என் தம்பியிடம் நைசாக விசாரித்து, நான் இல்லாத நேரமாகப் பார்த்து டிரங்க் கால் பதிவு செய்ய ஆரம்பித்தார். சில நாள் ராத்திரி பதினொரு மணிக்குமேல்கூட. நான் அவரைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று அவருக்கும் தெரியும். இருந்தும் ஒரு காது அங்கே இருக்கிறது என்ற நினைப்பே அவர் பேசும் நேரத்தை மாற்றிவிட்டது. உங்கள் வாசகர் தயவுசெய்து சொல்லட்டும், அண்ணாச்சியின் மடியில் இருந்தது என்ன குற்றம்?

நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு நல்ல குணம் மட்டும் காரணமல்ல. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தில் 26ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தந்தி, தொலைபேசி ஊழியர் எவராவது சட்டவிரோதமாகச் செய்தியை இடைமறித்தாலோ, கேட்டதை வெளியில் சொன்னாலோ மூன்று ஆண்டு வரை சிறை. பயிற்சியிலேயே இதைச் சொல்லித்தான் எங்களை போர்டில் உட்கார வைத்தார்கள். வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான், ஆனாலும் கடைநிலை ஊழியருக்குக் கடிவாளம் போட அதற்குத் தெரிந்திருந்தது.

மேலே இருப்பவர்களுக்கு? அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு இரண்டாம் உட்பிரிவு, பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்றால் அரசு யாருடைய பேச்சையும் ஒட்டுக்கேட்கலாம் என்றது. எது நெருக்கடி, யார் தீர்மானிப்பது, எத்தனை நாள் கேட்கலாம், தவறாகக் கேட்டால் யார் பொறுப்பு என்பதற்கெல்லாம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒழுங்கான விதியே கிடையாது. அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் டெல்லியில் ஒட்டுக்கேட்கப்பட்டதைப் பற்றி சி.பி.ஐ. விசாரித்தது. அந்த விசாரணையில் தெரியவந்த கணக்கு உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 133 எண்களில், அனுமதித்த காலம் முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 111 எண்களில் 180 நாள் வரம்பையும் தாண்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு டெல்லியில் தொலைபேசிச் சேவை நடத்திய அரசு நிறுவனமான எம்.டி.என்.எல். தரப்பில் வந்த விளக்கம்தான் எனக்கு மறக்கவே மறக்காது. உரிய அதிகாரிகளின் பிரதிநிதிகள் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டதால் நல்லெண்ணத்தில் செய்தோம் என்றார்கள். நல்லெண்ணமாம்! டிக்கெட்டில் நேரம் எழுத மறந்த ஆபரேட்டர் அந்தச் சொல்லைச் சொல்லித் தப்பியிருக்க முடியாது.

மக்கள் குடிமை உரிமைக் கழகம், பி.யு.சி.எல்., போட்ட வழக்கு அது. ஒட்டுக்கேட்பதற்கு முன்பே ஒரு நீதிபதியின் அனுமதி வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லாதபோது நாங்கள் புகுத்த முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிலாகச் சில கட்டுப்பாடுகளை விதித்தது. மத்தியிலோ மாநிலத்திலோ உள்துறைச் செயலர்தான் ஆணையிட வேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும் என்றது. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ அரசு மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்ளும் நிலைமை அல்ல, சாதாரண மனிதருக்கும் வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்றும் சொன்னது. இவற்றை அரசு பிற்பாடு தந்தி விதிகளில் எழுதிச் சேர்த்தது. 419ஏ என்ற விதி அது.

அந்த மறுஆய்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மத்தியில் அமைச்சரவைச் செயலர், சட்டச் செயலர், தொலைத்தொடர்புச் செயலர். மாநிலத்தில் தலைமைச் செயலர், சட்டச் செயலர், உள்துறை அல்லாத வேறொரு செயலர். உள்துறைச் செயலர் போட்ட கையெழுத்தை அவரோடு தினமும் கூட்டங்களில் உட்காரும் சக அதிகாரிகள் சரிபார்ப்பார்கள். நீதிபதி கிடையாது, எதிர்க்கட்சி கிடையாது, ஒட்டுக்கேட்கப்பட்டவர் சார்பில் பேச ஒருவரும் கிடையாது.

சரி, அவர்களாவது பார்க்கிறார்களா? தரவுப் பாதுகாப்புச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல அரசே அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் வெளிவந்த விவரத்தை அதில் எடுத்துக்காட்டினார்கள். மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு ஆணைகள் வரை பிறப்பிக்கிறது. மறுஆய்வுக் குழு கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அப்படியானால் ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகள். நடக்கக்கூடிய காரியம் இல்லை என்று அந்தக் குழுவே எழுதியது. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டீ குடிக்கக்கூட எழுந்திருக்காமல் அந்த மூன்று செயலர்களும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும், ஓர் ஆணைக்கு இரண்டு நொடி கிடைக்காது. டிரங்க் டிக்கெட்டில் ஒரு ஊர்ப் பெயரை எழுத எனக்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும்.

இந்தக் கணக்கும் பழையது. இன்று எத்தனை என்று கேட்டுப் பார்ப்பது சுலபமல்ல. ஆணைகளையும் ஒட்டுக்கேட்டவற்றையும், தேவைப்பட்டால் தவிர, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும் என்பது விதி. ஒட்டுக்கேட்ட பேச்சை அழிப்பது சரி, வரவேற்கிறேன். ஆனால் எத்தனை ஆணை போட்டோம் என்ற எண்ணிக்கையை எங்காவது குறித்து வைத்து வெளியிடுவதற்கு என்ன தடை? பால் பூத்தில்கூட எத்தனை பாக்கெட் வந்தது, எத்தனை போனது என்று எழுதி வைக்கிறார்கள்.

இங்கேதான் என் துறை சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியில் அதிகம் பேசப்படாதது. அந்தக் காலத்தில் ஒரு எண்ணை ஒட்டுக்கேட்க வேண்டுமென்றால் ஆணை மூடிய உறையில் நிலையத்தின் தலைமை அதிகாரிக்கு வரும் என்பார்கள். எங்கள் நிலையத்துக்கு அப்படி ஏதாவது வந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியக் கூடாது என்பதுதான் முறை. ஆனால் எப்படி வந்தாலும், எம்.டி.எஃப். என்று நாங்கள் சொல்லும் அறையில், கூரை உயரத்துக்கு நிற்கும் இரும்புச் சட்டத்தின் முன் யாராவது ஒரு மனிதர் நின்று, அந்த எண்ணுக்குரிய இரட்டைக் கம்பியைத் தேடி எடுத்து, இணையாக ஒரு கம்பியைப் போட்டாக வேண்டும். அவருக்குப் பெயர் உண்டு, பணி எண் உண்டு, 26ஆம் பிரிவின் பயம் உண்டு. பிற்காலத்தில் தனியார் நிறுவனங்கள் வந்தபோதும் இந்த மனிதர் வேறு பெயரில் இருந்தார். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கென மூத்த அதிகாரிகளை நியமிக்க வேண்டும், அவர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தங்களுக்கு வந்த ஆணைகளின் பட்டியலை விசாரணை அமைப்புகளுக்கு அனுப்பி, இவை உண்மையாகவே நீங்கள் அனுப்பியவைதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று 419ஏ விதி சொன்னது. பெரிய வீரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் "காகிதம் எங்கே?" என்று கேட்கும் ஓர் ஆள் நடுவில் இருந்தார்.

அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் உருவாக்கிய மத்தியக் கண்காணிப்பு அமைப்பு, அதாவது சி.எம்.எஸ்., வந்தபோது இந்த ஆளை எடுத்துவிட்டார்கள். நிறுவனத்தின் ஊழியர் கை படாமல், அரசின் மையத்திலிருந்தே நேரடியாக இணைப்பைப் பிடித்துக்கொள்ள முடியும். அரசு சொன்ன காரணம் என்ன தெரியுமா? நடுவில் மனிதர்கள் இருந்தால் ரகசியம் கசியுமாம், ஆகவே இது குடிமக்களின் அந்தரங்கத்துக்கே பாதுகாப்பாம். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் ரகசியத்தைக் காப்பாற்றிய ஊழியர்களைக் காட்டி இப்படி ஒரு காரணம் சொன்னதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த 133 எண்களைப் பற்றி உலகுக்குத் தெரிந்ததே, ஆணையின் காகிதம் ஒரு பக்கம், இணைப்பின் பட்டியல் இன்னொரு பக்கம் என்று இரண்டு தனித்தனிக் கைகளில் இருந்ததால்தான். இரண்டையும் ஒப்பிட்டார்கள், பொருந்தவில்லை, மாட்டிக்கொண்டார்கள். இரண்டும் ஒரே கைக்குப் போய்விட்டால் எதை எதோடு ஒப்பிடுவது?

இது வெறும் சந்தேகம் என்று நினைக்க வேண்டாம். 1988இல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகியது இதே ஒட்டுக்கேட்புப் புகாரில்தான். தெலங்கானாவில் முந்தைய ஆட்சிக் காலத்தில் எதிர்க்கட்சியினர் உட்படப் பலருடைய தொலைபேசிகளை உளவுப் பிரிவினர் கேட்டதாகவும், ஆட்சி மாறியதும் வன்தட்டுகளை அழித்ததாகவும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. குற்றச்சாட்டு உண்மையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைப்பேசிகளைப் பரிசோதித்து ஐந்தில் தீய மென்பொருள் இருப்பதாகச் சொன்னது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது, மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் சொன்னது. காங்கிரஸ், பாரதிய ஜனதா, மாநிலக் கட்சிகள் என்று இதில் நான் பாகுபாடு பார்க்கவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லோருக்கும் அந்தரங்கம் இனிக்கிறது.

1885ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றப் போகிறார்கள் என்றபோது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டார்கள். இனியாவது நீதிபதியின் அனுமதி சட்டத்தில் வரும் என்று எதிர்பார்த்தேன். 2023 டிசம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வெளியே நிறுத்திவிட்டு, மக்களவையில் ஒரு நாள், மாநிலங்களவையில் மறுநாள் என்று நிறைவேற்றினார்கள். 20ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்ற அதே இரண்டு வாசல்கள். 'செய்தி' என்பதற்குள் எழுத்து, படம், ஒலி, காணொளி, தரவு என்று எல்லாம் அடக்கம். போதாததற்கு, அதைப் புரியும் வடிவில் தர வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறார்கள். 2024 டிசம்பரில் வந்த விதிகளிலும் அதே செயலர்கள், அதே மறுஆய்வுக் குழு, அதே இரண்டு மாதக் கூட்டம். நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, வெள்ளைக்காரன் வைத்த வாசலை அகலப்படுத்தியிருக்கிறோம்.

2025 ஜூலை 2ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு எனக்கு ஆறுதல் தந்தது. 2011இல் ஒரு லஞ்ச வழக்கில் உள்துறை அமைச்சகம் போட்ட ஒட்டுக்கேட்பு ஆணையை அவர் ரத்து செய்தார். லஞ்சம் குற்றம்தான், ஆனால் குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக ரகசியமாகக் கேட்பது பொது நெருக்கடிக்குள்ளும் வராது, பொதுப் பாதுகாப்புக்குள்ளும் வராது என்றார். ஒட்டுக்கேட்டதை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவே இல்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். ஆனால் அதற்குச் சில நாள் முன்பு, ஜூன் மாதத்தில், டெல்லி உயர் நீதிமன்றம் வேறொரு லஞ்ச வழக்கில், பெரிய அளவிலான ஊழல் பொருளாதாரத்தைப் பாதிக்கும், ஆகவே ஒட்டுக்கேட்டது செல்லும் என்று சொல்லியிருந்தது. ஒரே சட்டம், ஒரே சொற்கள், சென்னையில் ஒரு பொருள், டெல்லியில் ஒரு பொருள். இதில் இன்னொன்றும் இருக்கிறது. 2011இல் போட்ட ஆணை தவறு என்று தெரிய 2025 ஆகியிருக்கிறது. அதுவும் வழக்கு வந்ததால் தெரிந்தது. வழக்கே இல்லாமல் சும்மா கேட்டுவிட்டு மூடி வைத்த கோப்புகளில் இருப்பவர்களுக்கு, தாங்கள் கேட்கப்பட்டோம் என்பதே சாகும்வரை தெரியப் போவதில்லை. அண்ணாச்சிக்காவது யார் காது என்று தெரிந்திருந்தது. ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள முடிந்தது.

இணையத்தை முடக்குவதற்கும் பழைய தந்திச் சட்டத்தின் இதே 5ஆம் பிரிவைத்தான் பயன்படுத்தினார்கள். 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு நடந்த பிறகு அந்த மாவட்டத்தோடு எங்கள் திருநெல்வேலிக்கும் கன்னியாகுமரிக்கும் சேர்த்து இணையத்தை நிறுத்தினார்கள். பொறியியல் கலந்தாய்வு முதன்முறையாக இணையத்துக்கு மாறிய வருடம் அது. விண்ணப்பிக்கும் மாதமும் அதுவே. எங்கள் தெருப் பிள்ளைகள் சான்றிதழ்களைப் பையில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினார்கள். காஷ்மீரில் பட்டதை ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். முடக்க ஆணைகளைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் சொன்னது. அடுத்த ஆண்டு நாடாளுமன்ற நிலைக்குழு விசாரித்தபோது, நாட்டில் எத்தனை முறை இணையம் முடக்கப்பட்டது என்ற பதிவேடே உள்துறை அமைச்சகத்திடமும் இல்லை, தொலைத்தொடர்புத் துறையிடமும் இல்லை என்று தெரிந்தது. எண்ணுவதில் ஏனோ இவர்களுக்கு இத்தனை ஒவ்வாமை.

இனி சஞ்சார் சாத்திக்கு வருகிறேன். அது கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பி வண்ணார்பேட்டையில் பஸ் ஏறும்போது கைப்பேசியைத் தொலைத்தான். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, சஞ்சார் சாத்தி இணையதளத்தில் கைப்பேசியின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து முடக்கச் சொல்லி அவனுக்குக் காட்டிக் கொடுத்தவளே நான்தான். தன் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்கும் வசதியும் நல்லதே. 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி ஓய்வூதியக்காரர்களின் சேமிப்பைப் பறிக்கும் கும்பலை அரசு பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு உங்கள் வாசகரைவிட அக்கறை அதிகம். என் தோழிகளில் பலர் அந்த வயதுக்காரர்கள்.

ஆனால் 2025 நவம்பர் 28ஆம் தேதி உத்தரவு அதுவல்ல. தொண்ணூறு நாளுக்குள் எல்லாப் புதிய கைப்பேசியிலும் இருக்க வேண்டும், ஏற்கெனவே தயாரித்தவற்றுக்கு மென்பொருள் புதுப்பிப்பில் அனுப்ப வேண்டும், அதன் செயல்பாடுகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது என்று நிறுவனங்களுக்குச் சொன்னார்கள். இதற்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் எதுவும் போடவில்லை. இணையப் பாதுகாப்பு விதிகளைக் காட்டி நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு, அவ்வளவுதான். செய்தி வெளியில் வந்து சத்தம் எழுந்ததும், வேண்டாதவர்கள் அழித்துக்கொள்ளலாம் என்றார் அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா. மறுநாள் டிசம்பர் 3இல் கட்டாயமே இல்லை என்று முடிந்தது. உத்தரவு நிறுவனங்களோடு நின்று, வெளியில் கசியாமல் இருந்திருந்தால்? உங்கள் வாசகரும் நானும் ஒருநாள் கைப்பேசியைத் திறந்து, இது எப்போது வந்தது என்று விழித்திருப்போம். நானாக விரும்பி இறக்கிக்கொள்வதும், என் கைப்பேசிக்குள் எனக்குத் தெரியாமல் வந்து உட்கார்வதும் ஒன்றா?

நான் கேட்பது உலகத்தில் எங்கும் இல்லாததை அல்ல. அமெரிக்காவில் குற்ற வழக்குக்காக ஒட்டுக்கேட்க வேண்டுமானால் 1968ஆம் ஆண்டிலிருந்தே நீதிபதியின் அனுமதி வேண்டும். முடிந்தபின், தள்ளிவைக்க நீதிபதி அனுமதித்தால் தவிர, தொண்ணூறு நாளுக்குள் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். எத்தனை அனுமதி கேட்டார்கள், எத்தனை கிடைத்தது என்று ஆண்டுதோறும் அறிக்கை வருகிறது. இங்கிலாந்தில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர் கையெழுத்திட்டாலும் நீதித்துறை ஆணையர் ஒப்புக்கொண்டால்தான் செல்லும். அந்த நாடுகள் உளவு பார்ப்பதில் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்க உளவு அமைப்பில் பணிபுரிந்த ஸ்னோடென் வெளியிட்ட ரகசியங்களை நானும் படித்திருக்கிறேன். ஆனால் அங்கே மீறுவதற்காவது ஒரு விதி இருக்கிறது. அவசரம் என்றால்? இங்குள்ள விதியிலேயே அவசரத்துக்கு வழி இருக்கிறது. தொலைதூரப் பகுதியில் மூத்த காவல் அதிகாரியே ஆணையிட்டுவிட்டு ஏழு வேலை நாளுக்குள் உள்துறைச் செயலரிடம் உறுதி பெறலாம். அந்த இடத்தில் ஒரு நீதிபதியை வைத்தால் நாட்டின் பாதுகாப்பு இடிந்து விழுந்துவிடாது.

நீதிபதியின் அனுமதிக்கு நாடாளுமன்றம் சட்டம் திருத்த வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். எண்ணிக்கையை வெளியிட அது தேவையில்லை. தமிழ்நாட்டு உள்துறைச் செயலர் கையெழுத்திடும் ஆணைகள் கோட்டையில்தான் இருக்கின்றன. யார் பெயரும் வேண்டாம், எந்த வழக்கு என்றும் வேண்டாம். ஓர் ஆண்டில் எத்தனை ஆணை, மறுஆய்வுக் குழு எத்தனை முறை கூடியது, அதில் எத்தனையை நிராகரித்தது என்று மூன்றே எண்களைச் சட்டமன்றத்தில் வைக்கலாம். மாநில உரிமை பேசும் எந்த ஆட்சிக்கும் இதற்கு டெல்லியைக் கைகாட்ட வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த சட்டமன்றத் தேர்தல் வரட்டும். வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் எல்லாக் கட்சி வேட்பாளர்களிடமும் இந்த மூன்று எண்களை வெளியிடுவீர்களா என்று கேட்கப் போகிறேன். என்ன சொன்னார்கள் என்பதைக் கட்சிவாரியாகக் குறித்து உங்களுக்கு அனுப்புகிறேன், இடமிருந்தால் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டர்,
பாளையங்கோட்டை.
(பெயரையும் முகவரியையும் தங்கள் பார்வைக்கு மட்டும் தனித்தாளில் இணைத்துள்ளேன். வெளியிட வேண்டாம்.)